தீனாவுக்கு ஊர் காட்டிய நாள்

ஊர் சுற்றப் போகும்போது புது ஷூ போடவே கூடாது, ஐயா. காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்குள் குதிகால் தோலுரிந்துவிடும். தீனாவிடம் அன்று காலையே சொன்னேன், கேட்கவில்லை. என் தங்கைதான், ஆனால் என் பேச்சைக் கேட்டு நடக்கிற பழக்கம் அவளுக்கு அதுவரை கிடையாது.

பிறந்து வளர்ந்த பொலோனியா நகரை ஒரு நாள் முழுக்க நடந்தே பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கண் அழுத்த நோயில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்குப் பார்வை மிச்சமிருந்தது. சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டால் அது நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நின்னா சரி. நிக்காமப் போச்சுன்னா? எதுக்கும் ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடறேன், அக்கா," என்றாள்.

பார்க்கட்டுமே என்று கடையைப் பூட்டினேன். எங்களுடையது பொத்தான் கடை, அப்பா விட்டுப் போனது. கணக்கு, கூட்டுவது, பெருக்குவது எல்லாம் நான். துணிக்குப் பொருத்தமான நிறம் எடுத்துக் கொடுப்பது தீனா. நான் நீலம் என்று எடுத்து வைத்தால், "அது நீலமா? உனக்குக் கண்ணு எங்கே இருக்கு?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சிரிப்பாள். கடைக்கு வருகிறவர்களும் என்னைப் பார்த்து, "தீனா இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். வயிறு எரியும். முப்பது வருஷம் எரிந்திருக்கிறது.

முதலில் சந்தைச் சந்துகளுக்குப் போனோம். பாலாடைக்கட்டி விற்கும் காயெத்தானோ தொலைவிலிருந்தே கத்தினான்.

"என்ன, ரெண்டு பொத்தானும் இன்னைக்கு ஒரே சட்டையிலே தச்சிருக்கு?"

"உன் சட்டையிலே ஒண்ணுகூட இல்லியே, முதல்ல அதைப் பாரு," என்றாள் தீனா. அவனுடைய தொப்பை அவளுக்கு அந்தச் சாவித்துவாரத்திலும் தெரிந்துவிட்டது. கடைத்தெருவே சிரித்தது. அந்தத் தெம்பில் என் கையை உதறிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பக்கவாட்டிலிருந்து ஒரு சைக்கிள் வருவதை நான் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. பெரிய அடி இல்லை, முழங்கை சிராய்த்தது. அதற்குப் பிறகு என் கையை அவள் விடவே இல்லை.

உச்சிப்பொழுதுக்குப் பெரிய கோயிலுக்குப் போனோம். கூரையில் உள்ள துளை வழியாக வெயில் இறங்கி, தரையில் பதித்த பித்தளைக் கோட்டின் மேல் வட்டமாக விழும். சின்ன வயதில் அதை யார் முதலில் மிதிப்பது என்று அடித்துக்கொள்வோம். ஜெயிப்பது எப்போதும் தீனாதான்.

"வந்துடுச்சா, அக்கா?"

"இன்னும் இல்லடி."

வட்டம் அவளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் ஒரு அடி நகர்ந்து அதை மிதித்தேன். அது கோட்டைக் கடந்து போகும்வரை அவள் குழந்தை மாதிரி என்னை ஒட்டிக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு மேகம் போலிருக்கு," என்றேன். "என் அதிர்ஷ்டம்," என்றாள். எனக்கு மனது நிறைந்திருந்தது.

சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினிக் கொழுக்கட்டை சாப்பிட்டோம். மருந்து நேரம் வந்ததும் மேசையிலேயே தலையைச் சாய்க்கச் சொல்லிக் கண்ணில் சொட்டு விட்டேன். பக்கத்து மேசை அம்மாள், "எரியுமே, பாவம்," என்றாள்.

"முன்னே எரியும். அக்கா போட ஆரம்பிச்சதிலேருந்து எரியறதே இல்லை. அவ கை அப்படி," என்றாள் தீனா.

எப்படி எரியும்? உங்கள் மேசை மேல் இருக்கிற அந்தக் குப்பியில் உள்ளது உப்புத் தண்ணீர். மருந்தைக் கொட்டிவிட்டு நான்தான் நிரப்பினேன். காய்ச்சி, ஆற்றி, வடிகட்டிய தண்ணீர், ஐயா. அசுத்தமான தண்ணீரைக் கண்ணில் ஊற்ற நான் என்ன கொலைகாரியா?

திபேரியோ வந்த பிறகுதான் ஆரம்பித்தேன். த்ரியெஸ்தே துறைமுகத்தில் எழுத்தர், மனைவி செத்தவன். கோட்டுக்கு ஒரு பொத்தான் வாங்க வந்து, மாதம் இருமுறை ரயிலேறி வர ஆரம்பித்தான். தீனா கல்யாணம் செய்துகொண்டு அவனோடு போவதாக இருந்தாள். நான் சண்டை போடவில்லை. கண் சரியாகத் தெரியாதவள் ஊர்விட்டு ஊர் போக மாட்டாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே பழைய மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், குறுக்கே எதிர் மூலையில் நிற்பவர் காதில் பக்கத்தில் இருந்து பேசுவது போல விழும். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதை எங்கள் ஊரார் அங்கே போய்த்தான் சொல்வார்கள். தீனா என்னை எதிர் மூலைக்குப் போகச் சொன்னாள்.

"அக்கா, கேக்குதா? திபேரியோவை இனிமே வர வேணாம்னு சொல்லிட்டேன். போன வாரமே சொல்லிட்டேன். கண்ணு நின்னாலும் சரி, போனாலும் சரி, நான் எங்கேயும் போகலை. எனக்காக நீ இவ்வளவு பண்றே, உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன்? நீ ஒண்ணும் சொல்லாதே, அழுதுடுவேன்."

நான்தான் அழுதேன். சுவரில் நெற்றியைச் சாய்த்து அழுதேன். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகாவது நல்ல மருந்தைப் போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மருந்தும் வீட்டில் இருந்தது. முதல் குப்பியைக் கொட்டிய பிறகு மாதாமாதம் வாங்கியதைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். போட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போது ஒரு ஜன்னல் கதவைக் காட்டி, "அது என்ன நிறம், அக்கா?" என்று கேட்டாள்.

அது பச்சை. நான் "சாம்பல்" என்றேன்.

"அப்படியா? சாம்பலா?" என்று தலையாட்டினாள். திருத்தவில்லை, சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அந்த நாள் முடிந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவள் போகமாட்டேன் என்றது உண்மைதான். ஆனால் மனசு மாற எத்தனை நேரம் ஆகும்? கண் இருந்தால் மறுபடி ரயில் தெரியும், திபேரியோ தெரிவான், நீலமும் பச்சையும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் குப்பியைத் திறந்தேன். தலையைச் சாய்த்துக் காட்டினாள். அதே தண்ணீரைத்தான் விட்டேன். பனி விழத் தொடங்கியபோது இடது கண்ணும் போய்விட்டது.

டாக்டர் அந்தக் குப்பியை வாங்கி முகர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் நடக்கப் போயிருப்போம். என் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபம் இருக்கத்தானே செய்யும், நான் தப்பாக நினைக்கவில்லை. நான்கு நாள் போகட்டும். படியிறங்க ஒரு கை வேண்டும், சூப்பு சுடுகிறதா என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். திபேரியோவையும் அவளே அனுப்பிவிட்டாள். என்னைக் கூப்பிடாமல் அவள் எங்கே போவாள், ஐயா? எங்கேயும் போக முடியாதபடி பார்த்துப் பார்த்து எல்லாம் செய்து வைத்திருக்கிறேன்.