மேலே தள்ளினால் நிற்கும் மிஷின்

பெயர் மலையம்மாள், வயது முப்பத்திரண்டு, கணவர் பெயர் பால்பாண்டி, பரவை மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெரு. 1982 செப்டம்பர் மாதம், ஆஸ்பத்திரி பெண்கள் வார்டில், டாக்டர் அனுமதித்த பின் சப்-இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன். ஊருக்கு வெளியே உள்ள கழிவுப் பஞ்சு மில்லில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறேன். பஞ்சு பிரிக்கும் மிஷினில் உருளைகளுக்குப் பஞ்சு கொடுப்பது என் வேலை. இவ்வழக்கின் எதிரி முத்திருளன் பக்கத்தில் நின்று மிஷினை ஓட்டுவார். என் தம்பி காசிமாயனுக்கு அவர் தங்கையைப் பேசி, பூ வைத்த பிறகு, தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து முத்திருளன் என்னோடு பேசுவதில்லை. பஞ்சு தீர்ந்ததைக்கூட வேறு ஆளிடம் சொல்லித்தான் எனக்குச் சொல்வார். இது மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

பழைய மிஷினில் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஓட்டம் நிற்கும். ஆடி மாதம் அதை எடுத்துவிட்டுப் புது மிஷின் வைத்தார்கள். அதிலும் அதே இடத்தில் அதே மாதிரி சிவப்புக் கைப்பிடிதான். ஆனால் மேலே தள்ளினால்தான் நிற்கும், கீழே இழுத்தால் வேகம் கூடும். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார். அம்புக்குறி போட்ட காகிதமும் ஒட்டினார்கள். அதன் மேல் பஞ்சுத் தூசி படிந்துவிட்டது. நிதானமாக இருக்கையில் எல்லோரும் சரியாகவே செய்தோம். திடுக்கிட்டால் கை கீழேதான் போகும். ஒருமுறை பஞ்சில் கல் வந்து தீப்பொறி பறந்தபோது நானே ஓடிப்போய்க் கீழே இழுத்தேன். மிஷின் இன்னும் இரைந்ததும்தான் நினைவு வந்தது.

சம்பவத்தன்று காலை ஷிப்டில், பஞ்சோடு வந்த சணல் கயிறு என் வலது கையில் சுற்றி உருளைக்குள் இழுத்தது. நான் அலறினேன். முத்திருளன் கைப்பிடியைக் கீழே இழுத்தார். உருளை வேகமாகச் சுற்றியது. அதன் பிறகு அவர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவது போல மறுபடியும் கீழேயே இழுத்தார். "நில்லு, நில்லு சனியனே" என்று மிஷினைப் பார்த்துக் கத்தினார். அதன் பிறகு ஒச்சம்மாள் என்ற தொழிலாளி ஓடி வந்து சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். மிஷின் நின்ற பின்னும் முத்திருளன் இழுப்பதை விடவில்லை. ஆட்கள் வந்து அவர் விரல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் என் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

முன்விரோதத்தால் வேகத்தைக் கூட்டினார் என்று என் தம்பி புகார் கொடுத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நேற்று அவன் வந்து, "அக்கா, வேணும்னேதான் இழுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். "அவரு நிப்பாட்டத்தான்டா இழுத்தாரு, நான் பாத்தேன்" என்றேன். "கை போனது ஒனக்கு. அவனுக்கா பேசுற?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுக்காரர், "ஒரே தம்பி. அவனையும் பகைச்சுக்கிட்டா நாளைக்கு நமக்குன்னு யாரு வந்து நிப்பா?" என்றார்.

தாங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். அவருக்கு என் மேல் கோபம் உண்டு. அந்த நேரத்தில் அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் கீழேதான் இழுத்திருப்பேன். அந்த மிஷின் இப்போதும் ஓடுவதாக ஒச்சம்மாள் சொன்னார். கைப்பிடியை மாற்றினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்கு அசதியாக இருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் தூண்டிச் சொல்லவில்லை, அனைத்தும் உண்மை.

கையெழுத்துப் போடும் கை இல்லாததால், மலையம்மாளின் இடது பெருவிரல் ரேகை.