நம் தண்ணீரைச் சோதித்தது யார்?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அருகமர்ந்த அறிஞர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையோடு வாசல்வரை நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக்கூடத்தை விலைக்கு வாங்கி, இடித்துக் கடைகள் கட்ட வேண்டும் என்று பேசத்தான் வணிகர் சங்கம் என்னை இங்கே அனுப்பியது. இதோ, எழுதிக் கொண்டுவந்த உரை. படிக்க எனக்கு வாய் வரவில்லை. நேற்றுக் கேட்ட செய்தி அப்படி!

என் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். அவள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் படுத்திருக்கிறார்கள். "தண்ணியில சாக்கடை கலந்திருக்கும்மா" என்றார் மருத்துவர். நேரே குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினேன். பொறியாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம ஊர்த் தண்ணிய யாரு சார் டெஸ்ட் பண்றது?"

"யுனிவர்சிட்டி பிள்ளைங்கதாம்மா. வாராவாரம் தெருத்தெருவா பாட்டில்ல பிடிச்சிட்டுப் போவாங்களே! அவங்களுக்கு அது பிராக்டிகல், நமக்கு டெஸ்ட். ஏதாவது கோளாறுன்னா உடனே போன் வந்துடும்."

"அந்த ஆய்வுக்கூடத்தைப் போன வருஷமே பூட்டி, துறையைத் தலைநகருக்கு மாத்திட்டாங்களே சார்!"

அவர் கையிலிருந்த தம்ளர் அந்தரத்தில் நின்றது. "அதான் போனே வரலையா? தண்ணி நல்லா இருக்குன்னுல்ல நான் நினைச்சேன்!" என்றார்.

என்ன ஐயா, சிரிக்கிறீர்கள்? நானும் சிரித்திருப்பேன், படுத்திருப்பவள் என் தங்கையாக இல்லாவிட்டால்!

பட்டம் வழங்கும் மண்டபம் என்றுதானே பல்கலைக்கழகத்தைப் பார்த்தோம்? பத்துப் பிள்ளைகள் படிக்க ஒரு துறையா, வெட்டிச் செலவு என்றுதானே பேசினோம்? அந்தப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். நாம் பயமில்லாமல் குடித்தோம்! அவர்கள் மதிப்பெண் வாங்கினார்கள். நாம் உயிர் பிழைத்தோம்! ஐயோ, ஓராண்டாக ஊரே கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கிறதே! பல்கலைக்கழகம் இந்த வட்டாரத்துக்கு இன்னும் என்னென்ன செய்துகொண்டிருக்கிறது? எந்தக் கதவைப் பூட்டினால் எந்த வீட்டில் அழுகை கேட்கும்? இந்த மேடையில் யாருக்காவது தெரியுமா?

யாரம்மா அங்கே கேட்பது? தங்கை எப்படி இருக்கிறாள் என்றா? காலையிலிருந்து அவளுக்கு நினைவில்லை அம்மா. இரண்டு உயிருக்கும் மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

இன்னும் சற்று நேரத்தில், ஆய்வுக்கூடக் கட்டடத்தை விற்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்பார் தலைவர். தாராளமாகத் தூக்குங்கள்! ஆனால், இன்று காலை வீட்டுக் குழாயைத் திறக்காதவர் மட்டும் தூக்குங்கள்!

பொறுமையோடு கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி. என்னை ஆஸ்பத்திரிக்குப் போக விடுங்கள். வணக்கம்.