பித்தளை வில்லை

ரொட்டியில் ஜாம் தடவினால் விரலில் ஒட்டாமல் தின்னத் தெரிய வேண்டும். மிஸ் பாஸ்குக்கு அது தெரியாது. எங்கள் ஹார்ன்செஸ்டர் பேராலயத்தில் அவள் சனிக்கிழமை வழிகாட்டி. எழுத்தாளரான என் தாத்தா செப்டிமஸ் லாங்ரிஷின் நினைவுக்கல்லைப் பயணிகளுக்குக் காட்டும்போது, அவர் பெயரின்மேலேயே அந்தப் பிசுபிசுத்த விரலை வைப்பாள். அவள் நகர்ந்ததும் நான் கைக்குட்டையால் துடைப்பேன்.

அவருடைய நாவல் இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. அந்தப் பெயரில் தூசு படியாமல் எழுபது வயதுவரை காத்தேன்.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை, கோபுரம் மூட அரைமணி இருக்கையில், "மேல வாங்க மிஸ்டர் லாங்ரிஷ், உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்" என்றாள். கோபுரம் ஏறுகிறவர்கள் அடிவாசலில் ஆளுக்கொரு பித்தளை வில்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கிகள் நிறைந்தால் காவலர் டக்கெட் கதவைப் பூட்டிவிடுவார்.

உச்சியில் ஈயக் கூரை. ஏறியவர்கள் காலங்காலமாகத் தங்கள் காலணியின் வடிவத்தையும் பெயரையும் அதில் கீறியிருக்கிறார்கள். ஒரு சிறிய காலடிக்குள் தாத்தா நாவலின் முதல் வரிகள். கீழே ஹெட்டி என்ற பெயர். நாவல் வருவதற்கு நான்கு வருடம் முந்தைய தேதி. ஹெட்டி தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் அடுப்புக்கரி அள்ளிய வேலைக்காரி.

"உங்க தாத்தா அவகிட்ட கரி மட்டும் வாங்கல, கதையும் வாங்கியிருக்காரு" என்று சிரித்தாள். பல்லிடுக்கில் ஜாம் விதை. "திங்கட்கிழமை பேப்பர்காரங்க வர்றாங்க."

நான் படிப்பக்கம் திரும்பினேன்.

இறங்கும்போது உறைபனிப் படியில் வழுக்கி விழுந்தாள். நான் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. தன் வில்லையை நீட்டி, "டக்கெட்கிட்ட இதக் காட்டி ஆளக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்" என்றாள். வில்லையிலும் ஜாம்.

கீழே இரண்டையும் மாட்டினேன்.

"எல்லாரும் இறங்கியாச்சா சார்?" என்றார் டக்கெட்.

"கொக்கியப் பாருப்பா."

"அந்தம்மா சத்தமே போடாமப் போயிட்டாங்களா? அதிசயம்தான்" என்று சிரித்தபடி பூட்டினார்.

ஞாயிறன்று கோபுரம் திறப்பதில்லை. சுவர் ஆறடி கனம். காலை வழிபாட்டில் முன்வரிசையில் என் இடத்தில் அமர்ந்திருந்தேன். மேலே மெல்லியதாக ஏதோ கேட்டது. புறாக்கள் என்று வைத்துக்கொண்டேன். திங்களன்று அவள் விறைத்துக் கிடந்தாள்.

கொலை என்று எழுதுகிறீர்கள், இன்ஸ்பெக்டர். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஈயத் தகட்டை மட்டும் பெயர்த்துவிடச் சொல்லுங்கள். நான் யாரையும் தள்ளவில்லை. வில்லையைத் துடைத்து அதற்குரிய கொக்கியில் மாட்டினேன். எதையும் அதனதன் இடத்தில் வைப்பதுதான் எங்கள் குடும்ப வழக்கம்.