கத்துறதை நிறுத்தின குஞ்சு

கணவன்: முழங்கால்ல நாலு தையல்! ஊசி குத்தும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நர்ஸம்மா அசந்துட்டாங்க. 'அஞ்சு வயசுல இப்படி ஒரு தைரியமா'ன்னு...

மனைவி: நீங்க என்ன சொன்னீங்க?

கணவன்: எங்க வீட்டுப் பொண்ணுன்னேன். நீயா இருந்திருந்தா ஆஸ்பத்திரிக் கூரையே பறந்திருக்கும். சும்மா சொன்னேன்டி. கொஞ்சம் சிரியேன்.

மனைவி: அந்த கவுனை இப்படிக் கொடுங்க. சுடுதண்ணியில போட்டீங்கன்னா ரத்தக்கறை போகவே போகாது... விழுந்ததும் யாரைக் கூப்பிட்டா?

கணவன்: யாரையும் கூப்பிடல. ஊஞ்சலுக்குக் கீழயே உக்காந்திருந்தா. நான்தான் பார்த்துட்டு ஓடினேன்.

மனைவி: நீங்க ஓடி வர்றதைப் பார்த்துக் கையை நீட்டினாளா?

கணவன்: ...இல்ல.

மனைவி: இப்ப தூங்குறாளா?

கணவன்: கண்ணை மூடிப் படுத்திருக்கா. அவ தூங்குறாளா இல்லையான்னு நமக்கு எப்பத்தான் தெரிஞ்சிருக்கு?

மனைவி: எங்க லேப்ல கோழிக்குஞ்சுங்க இருக்குன்னு சொன்னேனே...

கணவன்: ஆரம்பிச்சுட்டியா! லீவு நாள்லயுமா?

மனைவி: கேளுங்க. ஒரு குஞ்சை மட்டும் பிரிச்சுத் தனியா ஒரு பெட்டியில விடுவோம். எத்தனை தடவை கத்துதுன்னு எண்ணி எழுதுறதுதான் என் வேலை. முதல்ல காது கிழியும். போகப் போகக் குறையும். அப்புறம்... நின்னுடும்.

கணவன்: பழகியிருக்கும். எங்க ஷெட்லயும் அப்படித்தான். வண்டி சத்தம் போடாம ஓடுச்சுன்னா ரிப்பேர் சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.

மனைவி: சத்தம் போடாம நின்னுட்டா? நானும் 'பழகிடுச்சு சார்'னுதான் புரொபசர்கிட்ட சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

கணவன்: ஏனாம்?

மனைவி: கத்தினா தாய் வரும். தாய் வரலைன்னா? பருந்துதான் வரும். அந்தக் காலத்துல ஓயாம கத்தினதையெல்லாம் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. நம்பிக்கையை விட்டு வாயை மூடினதுதான் தப்பிச்சு முட்டை வெச்சுது. இப்ப இருக்குறதெல்லாம் அதுங்க வம்சம். 'அது அமைதி இல்லம்மா, இனி யாரும் வர மாட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னார்.

கணவன்: கோழிக்கு ஏதுடி மனசு?

மனைவி: நமக்கு மட்டும் வானத்துல இருந்தா விழுந்துச்சு? நாய்க்குட்டி, குரங்குக்குட்டி... எல்லாம் இதையேதான் செய்யுது. நமக்கும் அந்த வழியாத்தான் வந்திருக்கு.

கணவன்: இவ ஒண்ணும் கோழிக்குஞ்சு இல்ல.

மனைவி: குழந்தைங்க ஹோம்ல இருந்து இவளைக் கூட்டிட்டு வந்தப்ப... ஒன்பது நாள். வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு 'ஆயா, ஆயா'ன்னு...

கணவன்: அங்க தூக்கி வளர்த்தவங்க. தேடத்தானே செய்வா?

மனைவி: பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

கணவன்: ஆயாவை ஒரு தடவை வரச் சொல்லலாம்னு நீ சொன்னே. நான்தான் வேணாம்னேன்... மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமேன்னு.

மனைவி: பத்தாவது நாள் நின்னுடுச்சு. நாம கேக் வெட்டினோம்.

கணவன்: போதும்மா.

மனைவி: நாலு மாசமாச்சுங்க. அம்மான்னு கூப்பிடுன்னா கூப்பிடுறா. சாப்பிடுன்னா சாப்பிடுறா. அங்க குஞ்சுங்களை எண்ணிட்டு வந்து, இங்க இவ எத்தனை தடவை தானா வாயைத் திறக்குறான்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒண்ணுமே இல்ல.

கணவன்: இப்ப அந்த ஆயாவைத் தேடிக் கூட்டிட்டு வந்தா?

மனைவி: விசாரிச்சேன். வேலையை விட்டு எங்கேயோ போயிட்டாங்களாம். போன் நம்பர்கூட யார்கிட்டயும் இல்ல. உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். புதன்கிழமை ஹோமுக்கு போன் பண்ணினேன். 'எங்களால முடியல, திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்க'ன்னு... நாளைக்குக் காலையில வராங்க.

கணவன்: தெரியும்.

மனைவி: என்ன?

கணவன்: 'உங்களுக்கும் சம்மதமா'ன்னு அன்னைக்கே எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. சரின்னுட்டேன்.

மனைவி: சரின்னுட்டீங்களா? நீங்களாவது வேணாம்னு சொல்லுவீங்கன்னு நான்...

கணவன்: நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் பெட்டியும் கட்டிட்டேன். அவ பார்த்துக்கிட்டேதான் இருந்தா. எங்கேன்னு கேக்கல... அவ சட்டையை ஒவ்வொண்ணா மடிச்சு என் கையில கொடுத்தா.