அசனா சொல்ல வேண்டிய பதில்

அசனா: இன்னொருக்காக் கேளுங்க. நீங்கதான் பிரஜாவுரிமைத் துரை.

பக்கீர்: காணும் புள்ள, நிப்பாட்டு. கப்பலெல்லாம் விளக்குப் போட்டாச்சு, பாரு...

அசனா: உங்களுக்கென்ன, காலையிலயே விசாரணையில சொல்லி முடிச்சிட்டீங்க. நாளைக்கு என்ட முறை.

பக்கீர்: சரி. எங்க பிறந்தாய்?

அசனா: துரை இப்பிடியா கேப்பார்? கொஞ்சம் முறைச்சுக்கொண்டு...

பக்கீர்: ம்ம்! நீங்கள் பிறந்தது எங்க?

அசனா: தொண்டியில. இவரைக் கலியாணம் முடிச்சுத் திருகோணமலைக்கு வந்தனான். பிறகு இந்தியாவுக்குப் போகவே இல்ல.

பக்கீர்: ஒருக்காலும்?

அசனா: ஒருக்காலும்... நல்லாச் சொன்னனா?

பக்கீர்: தண்ணிக்குள்ள காலை ஆட்டிக்கொண்டு சொல்றாய். அங்க கதிரையில இருத்துவாங்க.

அசனா: தலைப்பிள்ளைக்கு உம்மா வீட்ட போறது ஒரு குற்றமா? நாற்பது நாள் கழிஞ்ச கையோட வந்திருக்கலாம்... நான்தான் நிண்டுட்டன்.

பக்கீர்: வருசத்துக்கு மேல அங்க நிண்டா இந்த நாட்டு ஆள் இல்லையாம். மனுவைத் தள்ளிப்போடுவாங்க.

அசனா: அந்தா நிக்குது வெள்ளைக்காரன்ட கப்பல். எப்ப வந்தனீ எண்டு அவனை ஆரும் கேக்கிறாங்களா?

பக்கீர்: மெதுவா புள்ள! சரி... சட்டத்தை நீ மாத்தினா எப்பிடி மாத்துவாய்?

அசனா: நானா? மேசை, கதிரை ஒண்டும் வேணாம். இந்தக் கரையிலதான் விசாரணை. கண்ணை மூடச் சொல்லுவன். கனவில எந்தக் கடல் வருது எண்டு கேப்பன். அவ்வளவுதான்.

பக்கீர்: உனக்கு எது வரும்?

அசனா: இதுதான். இந்த விளக்கெல்லாம் தண்ணிக்குள்ள அசையும்... அவளும் என்ட இடுப்பில இருப்பாள். இங்க வந்தே இராத பிள்ளை... கனவில மட்டும் இங்கதான் வாறாள்.

பக்கீர்: அசனா...

அசனா: மிச்சத்தைக் கேளுங்க.

பக்கீர்: வேணாம்.

அசனா: நாளைக்குக் கேப்பாங்கதானே!

பக்கீர்: ...பிள்ளைகள் எத்தினை பேர்?

அசனா: இல்... ஏலாது. எனக்கு ஏலாதுங்க. மூணு மாசம் பால் குடுத்தனான். அவளை அடக்கின மண்ணை விட்டு வர மனமில்லாமத்தானே அங்க கிடந்தனான்? அங்க போனது தெரிஞ்சிடும் எண்டு, பெறவே இல்லையெண்டு எப்பிடிச் சொல்றது?

பக்கீர்: அழாத.

அசனா: நீங்க அவள்ட முகத்தையே காணல்ல. அதுதான் காலையில பிள்ளை இல்லையெண்டு லேசாச் சொல்லிட்டீங்க.

பக்கீர்: ...சொல்லல்ல.

அசனா: என்ன?

பக்கீர்: உனக்கு இந்த ஊர் எவ்வளவு ஆசை எண்டு தெரியும். அதுதான் வீட்ட வந்து சொல்லப் பயந்தனான்... இல்லையெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன், அசனா. 'ஒரு மகள். பேர் லைலா. தொண்டிப் பள்ளிவாசலடியில இருக்கிறாள்' எண்டுதான் வந்தது.