கோயிலுக்கு மூணு வரம்

பெர்சிஸ்: மூணும் கேட்டாச்சு. வா, போலாம்.

ஜோ: அதுக்குள்ளயா? இப்பத்தான உள்ள வந்த. முட்டி போட்டு ஒரு நிமிசங்கூட ஆவல.

பெர்சிஸ்: எங்களுக்கு முட்டி போட்டுப் பழக்கமில்ல ஜோ. உக்காந்து கேட்டாலும் ஆண்டவருக்குக் கேக்கும்.

ஜோ: அது உங்க சிஎஸ்ஐ கோயில்ல. எங்க கத்தோலிக்கக் கோயில்ல மொத தபா கால வெச்சா மூணு வரம். ஆனா அதுக்கு மொற கீதுல்ல? வாசப்படியத் தொட்டுக் கும்புட்டு, பீடத்தாண்ட போயி, ஒண்ணு ஒண்ணா கேக்கணும். மளிகைக் கடைல லிஸ்ட் குடுக்கிற மாதிரி குட்த்துட்டு வர்றதா?

பெர்சிஸ்: கீதுல்ல... இருக்குல்லன்னு சொன்னா வாய் வலிக்குமா ஒனக்கு?

ஜோ: வலிக்கும். ரெண்டு வருசமா ஆபீஸ்ல உன் பக்கத்து சேர்லதான் குந்திகினு கீறேன். இன்னும் பழகலன்னா நான் இன்னா பண்ண?

பெர்சிஸ்: பழகிருச்சு. அதான் பயமாருக்கு. நாளைக்கு என்னப் பொண்ணு பாக்க வர்ற அந்தத் தெக்கத்தி நாசரேத்துக்காரங்க முன்னாடி என் வாயில 'கீது'ன்னு வந்துட்டா?

ஜோ: எத்தினி மணிக்கு வராங்க?

பெர்சிஸ்: சாயந்திரம் நாலு மணிக்கு. எங்க ஐயரும் வந்து ஜெபம் பண்ணுவாரு. நான் சரின்னு தலையாட்டிட்டா அங்கயே கல்யாணத் தேதி குறிச்சிருவாங்க.

ஜோ: ஃபாதரப் போயி ஐயருன்னு சொல்றது உங்க ஜனந்தான். மாப்ள இன்னா பண்றாரு? நாசரேத்துன்றே... தச்சு வேலையா?

பெர்சிஸ்: போ ஜோ. பேங்க்ல இருக்காரு. ஜெனிஷ்னு பேரு.

ஜோ: பேரு நல்லாத்தான் கீது. ஆளு?

பெர்சிஸ்: போட்டோல நல்லாத்தான் இருக்காரு. கல்யாணம் ஆனா அங்கதான் வீடு. அதுக்குத்தான ஒன்ன சுத்திக் காட்டச் சொன்னேன். இருபத்தஞ்சு வருசமா காலடிப்பேட்டைலயே கெடந்தேன். அப்பா கடை, எங்க கோயில், காலேஜ், அப்புறம் இந்த ஆபீஸ். பக்கத்துலயே கடல், ராயபுரம், இத்தன கோயில்... ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பாக்கணும்ல.

ஜோ: அதுக்குத்தான் நான் கீறேன்ல. ராயபுரத்துல பொறந்தவன். ராயப்பர் கோயில்ல ஞானஸ்நானம். இந்தக் கடலோரத்துல எந்தக் கோயில் மணி எப்ப அடிக்கும்னு கண்ணக் கட்டிவுட்டாலும் சொல்வேன். வா, இந்தக் கதவு வழியா போனா நேரா கடலு தெரியும்.

பெர்சிஸ்: பூட்டியிருக்கே.

ஜோ: ...எப்பவும் தொறந்துதான் கெடக்கும்.

பெர்சிஸ்: அந்தப் பக்கமாப் போலாம். பாடகர் குழு உக்கார்ற எடத்துக்குப் பின்னாடி.

ஜோ: அங்க வழி கீதா?

பெர்சிஸ்: இருக்கும்னு நெனைக்கேன்.

ஜோ: அட... ஆமா. கரெக்ட்டா சொல்லிட்ட.

பெர்சிஸ்: ஜோ, அங்க பாரேன். கப்பலெல்லாம் வானத்துல நிக்குது.

ஜோ: வெயிலுப் புகை. இந்நேரத்துக்கு கடலு எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. உள்ள வர்றதுக்கு எடம் கெடைக்காம வெளிய நங்கூரம் போட்டுகினு நிக்குதுங்க. அந்த செவப்புக் கப்பல்ல நம்ப ஆபீஸ் சரக்கு கீது. மூணு நாளா அங்கயேதான்.

பெர்சிஸ்: பாவம். கரைய இவ்ளோ பக்கத்துல வெச்சுக்கிட்டு.

ஜோ: அதுக்கு இன்னா பாவம். கூப்டாதான வரும்.

பெர்சிஸ்: கப்பல்ல ஏறிருக்கியா நீ?

ஜோ: ஒரு தபா. பேப்பர்ல கையெழுத்து வாங்கப் போனேன். மேல நின்னு பாத்தா ராயபுரமே உள்ளங்கை அளவுதான். கோயில் கோபுரத்த ஒரு வெரலால மறைச்சிடலாம். நான் வடக்கால திரும்பி... காலடிப்பேட்ட எங்கன்னு தேடினேன்.

பெர்சிஸ்: காலடிப்பேட்டையா? எதுக்கு?

ஜோ: சும்மாத்தான். உங்கப்பா கடை தெரியுதான்னு.

பெர்சிஸ்: அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கப்பல்லேர்ந்து தெரியுமா?

ஜோ: இன்னாத்த தெரியும். ஒரே தூசி. ஆனா ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தேன். கேப்டன் வந்து, இன்னாப்பா தொலைச்ச அப்டின்ற மாதிரி பாத்தான். சரி சொல்லு. காலைலேர்ந்து பாத்ததுல எது புடிச்சுது?

பெர்சிஸ்: ஸ்டேஷன்.

ஜோ: அஞ்சு கோயிலு சுத்திக் காட்டினேன், ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் புடிச்சுதா உனக்கு?

பெர்சிஸ்: எவ்ளோ ஒசரம் ஒசரமாத் தூணு. ஆளே இல்ல. காத்து மட்டும் உள்ள வந்து சுத்திட்டுப் போவுது. பெஞ்சுல உக்காந்ததும் எனக்கு எந்த வருசம்னே மறந்துபோச்சு. கண்ணு அப்படியே சொருகிக்கிட்டு வந்துச்சு.

ஜோ: வந்துச்சு இல்ல. தூங்கிட்ட.

பெர்சிஸ்: பொய்.

ஜோ: மூணு ரயிலு போச்சு. ஒரு கூட்ஸு வேற. அது அம்பது பெட்டி இருக்கும்.

பெர்சிஸ்: எழுப்ப வேண்டியதுதான?

ஜோ: தோணல. உன் தலை எந்தோள்ல இருந்துச்சு. அசைஞ்சா முழிச்சிடுவன்னு... தண்ணி பாட்டில் பக்கத்துல இருந்துச்சு, அதக்கூட எடுக்கல.

பெர்சிஸ்: ...நான் தூங்கல ஜோ.

ஜோ: இன்னா?

பெர்சிஸ்: ஒண்ணுமில்ல. வண்டிய எடு. ஆறாவது கோயில் எங்க?

ஜோ: கத்திவாக்கம் தாண்டி. நல்லா புடிச்சிக்கோ, கன்டெய்னர் லாரிங்க இடிக்கிற மாதிரி வருவானுங்க.

பெர்சிஸ்: எதப் புடிக்க?

ஜோ: பின்னாடி கம்பி கீதுல்ல.

பெர்சிஸ்: கம்பி சுடுது.

ஜோ: அப்டின்னா... சட்டையப் புடிச்சிக்கோ.

பெர்சிஸ்: ஜோ... வலது பக்கம் கடல், இடது பக்கம் லாரி. தூசி மேல வெயில் பட்டு மஞ்சத்தூளு பறக்கிற மாதிரி இருக்கு. இப்படியே போய்க்கிட்டே இருந்தா எங்க போகும்?

ஜோ: இன்னாது? காத்துல கேக்கல.

பெர்சிஸ்: இந்த ரோடு எங்க போகும்னேன்.

ஜோ: எண்ணூர் தாண்டி, முகத்துவாரம் தாண்டி... அதுக்கு மேல நான் போனதில்ல.

பெர்சிஸ்: நீ போகாத எடமும் இருக்கா?

ஜோ: இருக்கும்ல... த்தோ, வந்துட்டோம். அதான் கோயிலு. சின்னதுதான், ஆனா ரொம்பப் பழசு. அந்தோணியார் கோயிலு. செருப்ப அந்தப் படியாண்ட வுடு.

பெர்சிஸ்: அங்க வேண்டாம். நாய் தூக்கிட்டுப் போயிரும். உள்ள மாடத்துல வெச்சிரலாம்.

ஜோ: உனக்கு எப்டித் தெரியும்?

பெர்சிஸ்: எல்லா ஊர்லயும் நாய் செருப்பத்தான தூக்குது. வா உள்ள.

ஜோ: சில்லுனு கீது இல்ல? வெளிய வலை தைக்கிறவங்க பேசறதுகூட எங்கியோ தூரத்துல கேக்குது. நீ போயி மூணு வரமும் கேட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்.

பெர்சிஸ்: இதான் கடைசி மூணு. இத வீணாக்கிட்டா நாளைக்கு நாலு மணிக்கு என் தலை தானா ஆடிரும். ஜோ... இது அந்தோணியார் இல்ல.

ஜோ: கைல கொழந்த. லில்லிப் பூவு. அந்தோணியாரேதான்.

பெர்சிஸ்: கொழந்தையும் பூவும் ரெண்டு பேர் கையிலயும் இருக்கும். அந்தோணியாருக்கு உச்சந்தலைல முடி மழிச்சிருக்கும், தாடி கெடையாது. இவருக்குத் தாடி பாரு. கீழ பேரும் எழுதிருக்கு. சூசையப்பர்.

ஜோ: சிஎஸ்ஐ பொண்ணு... நீ எனக்குச் சொல்ற.

பெர்சிஸ்: ஒனக்கு ஜோசப்னு பேர் வெச்சதே இவரப் பாத்துதான். கண்ணக் கட்டிவிட்டாலும் மணி சொல்வேன்ன. ஒம் பேருக்காரச் சாமி கோயிலயே தெரியலையா? காலைலேர்ந்து பாத்துக்கிட்டே வரேன். ராயப்பர் கோயில்ல நேரா உள்ள போன. மத்த கோயில்லல்லாம் வாசப்படியத் தொட்ட. தூணுக்குப் பின்னாடி போய் முட்டி போட்ட. ஒதடு மூணு தடவை அசஞ்சுது. தெரிஞ்ச கோயில்ல யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?

ஜோ: நீ வரம் கேக்காம என்னியவா பாத்துகினு இருந்த?

பெர்சிஸ்: பதில் சொல்லு.

ஜோ: சொன்னா சிரிப்ப.

பெர்சிஸ்: சிரிக்கல.

ஜோ: ராயப்பர் கோயிலத் தவிர எதுக்குள்ளயும் நான் போனதில்ல பெர்சிஸ். பக்கத்துலயே கீதுன்னா எவன் போறான். ஆபீஸ்ல சும்மா உதார் வுட்டேன். நீ வாயத் தொறந்து கேட்டுகினு இருந்தியா, நானும் வுட்டுகினே இருந்தேன். சுத்திக் காட்டுன்னு சொன்னதும் பேஜாராப் பூட்ச்சு. போன்ல பாத்து, லிஸ்ட் எடுத்து உனக்கு அனுப்பி... ஒரு வாரமா அதான் படிப்பு.

பெர்சிஸ்: சரி. அப்ப ஒனக்கும் கோயிலுக்கு மூணு வரம்.

ஜோ: ஆமா.

பெர்சிஸ்: என்ன கேட்ட?

ஜோ: வெளிய சொன்னா பலிக்காது.

பெர்சிஸ்: சொல்லாட்டி பலிக்குமா?

ஜோ: ...மூணும் ஒண்ணுதான். நாலு கோயில்லயும் அதே ஒண்ணுதான். இங்கயும் வாசல்லயே கேட்டுட்டேன்.

பெர்சிஸ்: அது என்னன்னுதான் கேக்கேன்.

ஜோ: நாளைக்கு நீ தலையாட்டக் கூடாதுன்னு. தப்புதான். அந்த ஆளு பேங்க்ல கீறாரு. உங்க ஜனம், உங்க கோயிலு. நான் துறைமுகத்துல பேப்பர் தூக்கினு ஓடறவன். அதான் சாமியாண்ட மட்டும் கேட்டேன். உன்னாண்ட கேக்க எனக்கு தெகிரியம் வரல. நீ வேற நாளெல்லாம் மூணு மூணா கேட்டுகினே வந்த. நாசரேத்துல நல்லா இருக்கணும்னுதான கேட்ருப்ப. உன்னுது பெருசா என்னுது பெருசான்னு... எனக்கு இன்னாமோ பயந்துகினே இருந்துச்சு.

பெர்சிஸ்: நான் இன்னிக்கு ஒரு வரமும் கேக்கல.

ஜோ: ஏன்?

பெர்சிஸ்: கேக்க முடியாது.

ஜோ: மொத தபா வர கோயிலு. ஏன் முடியாது?

பெர்சிஸ்: எனக்கு இது மொத தடவ இல்ல ஜோ. நீ லிஸ்ட் அனுப்பின மறுநாளே லீவு போட்டுட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சுத் தனியா வந்தேன். ஆறு கோயிலுக்கும். பதினெட்டு வரமும் நீ வாயத் தெறந்து இதச் சொல்லணும்னே கேட்டேன்... சொல்லிட்ட. இப்ப வண்டிய நேரா காலடிப்பேட்டைக்கு விடு. சனிக்கிழமை அப்பா ஆறு மணிக்கே கடையச் சாத்திருவாரு. அவர்கிட்ட போய் இதயே இன்னொரு தடவ சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்.