புதினாத் தொட்டியில் ஒரு கோணல் குழி

கூட்டத்தைக் காக்க வைத்துக் கம்பீரமாக வந்தமர்ந்திருக்கும் தலைவர் ஐயா அவர்களே! பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னை மேடையேற்றாத செயலாளர் அவர்களே! குடியிருப்பின் மூத்தோரே, தாய்மார்களே, படிக்கட்டில் என்னைக் கண்டால் பக்கத்துச் சுவரைப் பார்க்கும் பண்பாளர்களே! அனைவருக்கும் இந்தப் ‘புகார்ப் பெட்டி’யின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் வைத்த பெயர்தானே? எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

சிறந்த பால்கனித் தோட்டத்துக்கான முதல் பரிசை எனக்கு அறிவித்திருக்கிறீர்கள். தோட்டத்தையே மேடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். இதோ அல்லி. இதோ கற்பூரவல்லி. இதோ, தலைவரின் நாற்காலி ஓரம் புதினா. மேடை ஏறியதும் புதினா மண்ணை ஏன் தட்டிச் சமப்படுத்தினேன் என்று செயலாளர் கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதை நட்டவன் நானா? இல்லை. வளர்த்தவன் நானா? இல்லை. ஒரு குவளையாவது, ஒரு துளியாவது தண்ணீர் ஊற்றியவன் நானா? இல்லவே இல்லை!

என் வீட்டுக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் ஒரு தையல்காரர் இருந்தார். தையல் எந்திரம் ஒருநாள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட, அது கொக்கியாக வளைந்தே நின்றுவிட்டது. அந்த விரலைத்தான் காலையில் ஒவ்வொரு தொட்டி மண்ணிலும் விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் விட்டுவிடுவார், இல்லையென்றால் ஊற்றுவார். ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? என் தலையில்! நான் கணக்கு வாத்தியார். நான் திருத்திய விடைத்தாள்கள் நனைந்தன. என் சட்டை நனைந்தது. என் பொறுமையும் நனைந்தது. புகார் எழுதினேன். மீண்டும் எழுதினேன். விடாமல் எழுதினேன். கடைசியில் கீழே வீடு இருக்கும் எந்தப் பால்கனியிலும் தொட்டி கூடாது என்று நீங்களே விதி போட்டீர்கள்.

மறுநாள் என் வாசலில் அவர் நின்றார். கையில் அல்லித் தொட்டி, பின்னால் படிக்கட்டில் மற்றத் தொட்டிகள்.

“சார், உங்களுக்குக் கீழ வீடு இல்ல, வண்டிங்கதான் நிக்குது. கொஞ்ச நாளைக்கு உங்ககிட்ட இருக்கட்டும் சார்.”

“நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன், பாத்துக்குங்க.”

“நீங்க ஏன் சார் ஊத்தணும்? தெனமும் நானே வந்து ஊத்திக்கிறேன்.”

ஏன் சம்மதித்தேன் தெரியுமா? அவர் கண் முன்னாலேயே அது காய்வதைப் பார்க்க! ஆம், அப்படிப்பட்டவன்தான் நான்.

மூன்றாம் நாள், தையல் எந்திரத்தில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது.

பால்கனிக் கதவைப் பூட்டினேன். சுட்டெரிக்கும் வெயில். பத்தாம் நாள், காய்ந்ததை அள்ளிக் கொட்டலாம் என்று திறந்தேன். அல்லித் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். ஒரு மொட்டு. மற்ற ஒவ்வொரு தொட்டி மண்ணிலும் ஒரு குழி, கொக்கிபோல் வளைந்த குழி.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? மழையா? என் பால்கனிக்குக் கூரை உண்டு. அணிலா? அணிலுக்கு எந்த ஊரில் ஐயா ஆள்காட்டி விரல் வளைந்திருக்கிறது?

நானும் நம்பவில்லை. குழிகளை மூடினேன், மண்ணைத் தட்டினேன், தரையெங்கும் மாவு தூவினேன், பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் மாவின்மேல் ஒரு தடம் இல்லை. மண்ணில் குழி இருந்தது. தண்ணீர் இருந்தது. எட்டு மாதம், ஒரு நாள் தவறாமல் இருந்தது.

பரிசு அறிவித்த அன்று மாடியேறி அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

“எட்டு மாசமா நான் கதவுக்குத் தாழ்ப்பாளே போடல சார். இங்க ஒரு சத்தம் இல்ல, ஒரு நிழல் இல்ல. கட்டுனவ நான் இங்க காத்துக் கெடக்கேன். உங்க வீட்டுக்குத்தான் தெனமும் வர்றாராக்கும்!”

மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அழுகிறார்.

அவையோரே! அவர் என்னைத் தேடியா வருகிறார்? அல்லியைத் தேடி வருகிறார். அல்லி எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறார். அல்லி மேலே போகக்கூடாது என்று தடுப்பது எது? உங்கள் விதி. அந்த விதியைப் பெற்றெடுத்தது எது? என் பேனா. பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். அந்த விதியை இப்போதே, இங்கேயே நீக்குங்கள்! இனி என் தலையில் தண்ணீர் சொட்டட்டும். புகார் எழுத மாட்டேன்.

எளிதாகச் சொல்லவில்லை. எட்டு மாதமாக என் வீட்டுக்கு வந்துபோனவர் அவர் ஒருவர்தான். உங்களில் எவர் வந்தீர்கள்?

பேய்க்கதை என்று யாரோ முனகுவது கேட்கிறது. தலைவர் ஐயா, நான் ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை. தொட்டிக்கு அருகில் இருப்பவர் நீங்கள் மட்டும்தான். உங்கள் விரல்களோ நேரானவை. கொஞ்சம் குனிந்து புதினா மண்ணைப் பாருங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் ஐயா?

விதியை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்... தாய்மார்களே, நன்றி. பின்வரிசையில் நிற்பவர்களே, நன்றி. தலைவர் அவர்களே, உங்கள் கையும் உயர்ந்திருக்கிறது, நன்றி.

அம்மா, வாருங்கள். அல்லியை நீங்கள் எடுங்கள், மற்றவற்றை நான் தூக்கிவருகிறேன். இன்று தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே தூங்குங்கள். பூட்டு அவரைத் தடுக்காது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சொன்ன சொல் தவறாமல் இங்கே வந்திருப்பவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.